ஜெர்மன் பேச்சில் புரியாததைத் திருப்பிக் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் படிக்கவோ வேலைக்கோ போகிற நம்மவர்கள் வகுப்பில் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள், ஆயிரக்கணக்கில் சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஊரில் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே தேவைப்படுவது வேறொன்று: எதிராளி சொன்னது புரியாதபோது, பேச்சை முறிக்காமல் அதைக் கேட்டு வாங்கும் பழக்கம். பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு. ஜெர்மன் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். "இஹ்" (நான்) என்பதன் முடிவில் வருவது ஹகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவிலான ஒலி. "கொன்னென்" என்பதில் வரும் ஒகரத்தை, உதட்டை ஒகரத்துக்குக் குவித்துக்கொண்டு எகரம் சொல்வது போலச் சொல்ல வேண்டும். "ஊபர்வைஸுங்" என்பதில் உள்ள ஊகாரத்துக்கு, அதே போல் உதட்டைக் குவித்து ஈகாரம் சொல்லுங்கள். மற்றவை காது பழகப் பழக வந்துவிடும்.

ஒன்றுமே புரியவில்லை. வாயிலிருந்து முதலில் வர வேண்டிய சொல் எது?

"வீ பிட்டெ?" தமிழில் "என்ன சொன்னீங்க?" என்கிற இடத்தில் இது வரும். கடைசியில் குரலை ஏற்ற வேண்டும். வெறும் "பிட்டெ?" என்று ஏற்றிச் சொன்னாலும் அதே பொருள்தான், ஆனால் குரல் இறங்கிவிட்டால் "இந்தாங்க" என்றோ "பரவாயில்லை" என்றோ ஆகிவிடும். அதனால் தொடக்கத்தில் "வீ பிட்டெ?" பாதுகாப்பானது. வங்கியிலும் பள்ளியிலும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் செல்லும்.

நண்பர்கள் "வாஸ்?" என்கிறார்கள், சிலர் "ஹே?" என்றுகூடச் சொல்கிறார்கள். நானும் சொல்லலாமா?

நண்பர்களிடம் தாராளமாக. அறிமுகமில்லாதவரிடம் வேண்டாம். குழந்தை "வாஸ்?" என்று கேட்டால், "வீ பிட்டெ என்று கேட்கணும்" என்று திருத்துகிற பெற்றோர் அங்கே நிறைய உண்டு. நம் வீடுகளில் பெரியவர்களிடம் "என்னா?" என்று கத்தினால் கிடைக்கும் பார்வையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமை, மரியாதை விஷயமும் அப்படியே. "நீ" என்று பழகுகிறவரிடம் "கான்ஸ்ட் டூ டாஸ் நொஹ்மால் ஸாகென்?", "நீங்கள்" என்று பேசுகிறவரிடம் "கொன்ட்டென் ஸீ டாஸ் பிட்டெ நொஹ்மால் ஸாகென்?" இரண்டுக்கும் பொருள் "அதை இன்னொரு முறை சொல்ல முடியுமா?" இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல்பட மாட்டார்களா?

பெரும்பாலோர் தயங்குவது இந்தப் பயத்தால்தான். தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் எவ்வளவு கேட்டுக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் பயம் பாதியாகும். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் உலகின் பல பகுதிகளிலிருந்து 12 மொழிகளின் இயல்பான உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து 2015ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரியாக ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது "என்ன?", "யாரு?", "அதுவா?" என்று கேட்டுப் பேச்சைச் சரிசெய்துகொள்கிறார்கள் என்று தெரிந்தது. அத்தனையும் சரளமாகப் பேசுகிறவர்களின் பேச்சு.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பாதி காதில் விழுந்திருக்கும்போது பெரும்பாலும் யாரும் வெறுமனே "என்ன?" என்று கேட்பதில்லை. முடிந்தவரை குறிப்பாகக் கேட்கிறார்கள். விழுந்த பாதியைச் சொல்லி, விழாத பாதியை மட்டும் கேட்பார்கள். "நாளைக்கு எங்கே போறீங்க?" என்றோ "நாளைக்கு யாரோட போறீங்க?" என்றோ கேட்கிற மாதிரி. அதில் எதிராளிக்கு வேலை குறைகிறது.

ஆக, எரிச்சல் வருவது கேட்பதால் அல்ல. "வீ பிட்டெ? வீ பிட்டெ?" என்று ஒரே கேள்வியை மூன்று முறை போடும்போது, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எதிராளிக்குத் தெரிவதில்லை. அவர் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்வார், உங்களுக்கு அதே இடத்தில் மறுபடி தடுக்கும். முதல் தடவை "வீ பிட்டெ?" சரி. இரண்டாம் தடவை, புரிந்ததைச் சொல்லிக் குறையைக் கேளுங்கள்: "டொனர்ஸ்டாக் ஹாபெ இஹ் ஃபெர்ஷ்டாண்டென், ஆபர் டீ ஊர்ட்ஸைட் நிஹ்ட்." வியாழக்கிழமை என்பது புரிந்தது, நேரம் புரியவில்லை. ஜெர்மன்காரர் நேரத்தை மட்டும் நிறுத்திச் சொல்வார். இந்தப் பக்கத்தில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒரு பழக்கம் நின்றால் போதும்.

காதில் சரியாக விழவில்லை என்பதும், விழுந்தது ஆனால் பொருள் தெரியவில்லை என்பதும் ஒன்றா?

இல்லை. கேட்கும் விதமும் வேறு. சத்தத்தால் விழவில்லை என்றால்: "டாஸ் ஹாபெ இஹ் அகுஸ்டிஷ் நிஹ்ட் ஃபெர்ஷ்டாண்டென்." ரயில் நிலையம், கைபேசி, கூட்டமான உணவகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஜெர்மன்காரர்களே அன்றாடம் சொல்வது இது. உங்கள் மொழியறிவைப் பற்றி இதில் ஒரு பேச்சும் இல்லை.

வேகத்தில் தவறவிட்டால்: "கொன்ட்டென் ஸீ பிட்டெ எட்வாஸ் லாங்ஸாமர் ஷ்ப்ரெஹென்?" கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்பது. உடனே மெதுவாகப் பேசுவார்கள், இரண்டு நிமிடத்தில் பழைய வேகத்துக்குப் போய்விடுவார்கள். மறுபடி கேட்பதில் தவறே இல்லை.

ஒரு சொல் மட்டும் தெரியவில்லை என்றால், அந்தச் சொல்லைத் தூக்கிக் காட்டுங்கள்: "வாஸ் மைனென் ஸீ மிட்..." என்று தொடங்கி, கேட்ட சொல்லைக் கேட்டபடியே சொல்லுங்கள். உச்சரிப்பு உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எதிராளி கண்டுபிடித்துவிடுவார். சுருக்கெழுத்துகளுக்கு "வோஃபுர் ஷ்டேட் டாஸ்?" என்று கேட்க வேண்டும், அது எதைக் குறிக்கிறது என்று. ஜெர்மன் அலுவலகங்கள் சுருக்கெழுத்துகளால் நிரம்பியவை, அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கும் சில தெரியாது.

நேரமும் எண்ணும்தான் எப்போதும் காலை வாருகிறது. என்ன செய்வது?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறிய ரயிலும் தவறிய சந்திப்பும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

"ஹால்ப் ட்ரை" என்றால் சொல்லுக்குச் சொல் "அரை மூன்று". தமிழ்க் காதுக்கு மூன்றரை என்று படும். உண்மையில் அது இரண்டரை, மூன்றை நோக்கிப் பாதி வழி. நம் கணக்குக்கு நேர் எதிர். இதற்கும் மேலே, சாக்சனி, தூரிங்கியா போன்ற கிழக்குப் பகுதிகளிலும் ஸ்வாபியா, ஃபிராங்கோனியா போன்ற தெற்குப் பகுதிகளிலும் "ஃபிர்டெல் ட்ரை" என்பார்கள். அது இரண்டே கால். "ட்ரைஃபிர்டெல் ட்ரை" என்றால் இரண்டே முக்கால். ஹாம்பர்க்கில் வளர்ந்தவரே லைப்சிக்குக்குப் போய் இதில் தடுமாறுவதுண்டு, அதனால் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

தீர்வு எளிது. யார் எப்படிச் சொன்னாலும், 24 மணிக் கணக்குக்கு மாற்றித் திருப்பிச் சொல்லுங்கள்: "ஆல்ஸோ, ஃபிர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஹ்?" அப்படியென்றால் 14.30தானே? "கெனௌ" (அதேதான்) என்று பதில் வந்தால் நிம்மதி. நாள்களிலும் இதே முறை. "நெஹ்ஸ்டென் ஃப்ரைடாக்" என்பது வரும் வெள்ளியா, அதற்கு அடுத்த வெள்ளியா என்று அவர்களுக்குள்ளேயே கருத்து ஒற்றுமை கிடையாது. தேதியைச் சொல்லிக் கேளுங்கள்: "ஆல்ஸோ ஆம் ட்ஸ்வொல்ஃப்டென்?" 12ஆம் தேதிதானே? "இன் அஹ்ட் டாகென்" என்றால் எட்டு நாளில் என்று எண்ணி ஏமாறாதீர்கள், அது ஒரு வாரத்தில் என்று பொருள்.

எண்களில் ஒன்றாம் இடம் முதலில் வரும். 47ஐ "ஏழும் நாற்பதும்" என்கிறார்கள். தொலைபேசி எண்ணை வேறு இரண்டிரண்டாகச் சொல்வார்கள், எழுதும் கை முன்னும் பின்னும் ஓடும். அப்போது, "கொன்னென் ஸீ டீ ட்ஸிஃபர்ன் ஐன்ட்ஸெல்ன் ஸாகென்?" என்று இலக்கங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். 15க்கும் 50க்கும் சந்தேகம் என்றால்: "ஐன்ஸ் ஃபுன்ஃப் ஓடர் ஃபுன்ஃப் நுல்?" ஒன்று ஐந்தா, ஐந்து சுழியமா? மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்ப்பவர்கள் பணி மாற்றத்தின்போது மருந்தின் அளவை இப்படித் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்கே இதை யாரும் மொழிக்குறையாக நினைப்பதில்லை, பொறுப்பு என்றுதான் பார்ப்பார்கள்.

தொலைபேசியில் இரண்டை "ட்ஸ்வோ" என்று சொல்வது, "ட்ஸ்வை" என்று சொன்னால் "ட்ரை" (மூன்று) போலக் கேட்கும் என்பதால். ஜூன், ஜூலை குழப்பத்துக்கும் இதே மருந்து: "யூனோ", "யூலை" என்று பிரித்துச் சொல்வார்கள்.

தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு மாதிரி கிடைக்குமா?

இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரின் வரவேற்பறையை அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"டான் கொமென் ஸீ ஆம் டொனர்ஸ்டாக் உம் ஹால்ப் அஹ்ட், பிட்டெ நுஹ்டர்ன்."
"மொமெண்ட் பிட்டெ, இஹ் ஷ்ரைபெ மிட். டொனர்ஸ்டாக், ஸீபென் ஊர் ட்ரைஸிஹ்?"
"கெனௌ."
"டாஸ் லெட்ஸ்டெ வோர்ட் ஹாபெ இஹ் நிஹ்ட் ஃபெர்ஷ்டாண்டென்."
"நுஹ்டர்ன். ஆல்ஸோ நிஹ்ட்ஸ் எஸென்."
"டார்ஃப் இஹ் வாஸர் ட்ரிங்கென்?"
"வாஸர் யா, காஃபி நைன்."
"அஹ் ஸோ. டாங்கெ!"

"எழுதிக்கொள்கிறேன், ஒரு நிமிடம்" என்று முதலில் நேரம் வாங்கினீர்கள். ஏழரையை 7.30 என்று திருப்பிச் சொன்னீர்கள். கடைசிச் சொல் மட்டும் புரியவில்லை என்றீர்கள். அது வெறும் வயிற்றில் வரச் சொல்வது என்று தெரிந்ததும் தண்ணீர் குடிக்கலாமா என்று மேலும் கேட்டீர்கள். கடைசியில் வரும் "அஹ் ஸோ" முக்கியம். "ஓ, அப்படியா, புரிந்தது" என்று எதிராளிக்குக் கொடுக்கும் அடையாளம் அது. அது வராவிட்டால் அவர் இன்னும் விளக்கிக்கொண்டே போவார்.

பெயரையும் தெருவையும் எழுத்துக்கூட்டச் சொல்கிறார்கள். எங்கே சிக்கல் வரும்?

ஆங்கில எழுத்துப் பெயர்களைச் சொன்னால் பெயர் நாசமாகும். ஜெர்மனில் முதல் உயிரெழுத்தின் பெயர் "ஆ", இரண்டாவது "ஏ", மூன்றாவது "ஈ". ஆங்கிலப் பழக்கத்தில் முதல் எழுத்தை "ஏ" என்றால் அவர் இரண்டாவதை எழுதிவிடுவார். வள்ளி, வேலு போன்ற பெயர்களின் முதலெழுத்து "ஃபௌ". ஜெயந்தியின் முதலெழுத்து "யொட்". யமுனாவினுடையது "உப்ஸிலொன்". உங்கள் பெயரை இந்த ஒலிகளில் ஒரு தாளில் எழுதி, தடையில்லாமல் சொல்லும் வரை பழகுங்கள்.

கேட்கிற பக்கம் நீங்கள் என்றால் "கொன்னென் ஸீ டாஸ் பிட்டெ பூஹ்ஷ்டபீரென்?" பதில் "ஆ வீ அன்டோன், பே வீ பெர்டா" என்று, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயரோடு வரும். அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1934ல் நாஜி ஆட்சி அதிலிருந்து டாவிட், நாத்தான், சாமுவேல் போன்ற யூதப் பெயர்களை நீக்கியது. நாத்தானின் இடத்துக்கு வந்த "நோர்ட்போல்" (வடதுருவம்) போருக்குப் பிறகும் நிலைத்துவிட்டது. 2022ல் ஜெர்மன் தர அமைப்பு அலுவலகப் பயன்பாட்டுக்குப் பட்டியலையே மாற்றி, ஆஹென், பெர்லின், கெம்னிட்ஸ், டுஸ்ஸல்டோர்ஃப் என்று நகரங்களின் பெயர்களை வைத்தது. பழைய பட்டியல் மக்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை, அதனால் இரண்டையும் கேட்பீர்கள்.

அரசு அலுவலகத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அங்கே எப்படி?

ஜெர்மனியின் நிர்வாக நடைமுறைச் சட்டம், 23ஆம் பிரிவில், அலுவல் மொழி ஜெர்மன் என்கிறது. ஊழியருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் பேச மறுக்கலாம். எனவே கேள்விகளைக் கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, கட்டாயமா இல்லையா. "ஸீ முஸென் டாஸ் நிஹ்ட் உண்டர்ஷ்ரைபென்" என்றால் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமில்லை என்று பொருள். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படித்தவர்கள் இதைப் போடக் கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் "போட வேண்டாம்" என்பதும் இரண்டு பக்கமும் சாயும். கூடாது என்பதற்கு அங்கே "டுர்ஃபென் நிஹ்ட்" வரும். சந்தேகம் வந்தால்: "முஸ் இஹ், ஓடர் கான் இஹ்?" கட்டாயமா, விருப்பமா? இலக்கணம் குறையாக இருந்தாலும் எல்லோருக்கும் புரியும்.

இரண்டாவது கேள்வி, கெடு. "பிஸ் வான் கெனௌ?" சரியாக எந்தத் தேதி வரை? அந்த நாளும் சேர்த்தா என்று கேட்க "ஐன்ஷ்லீஸ்லிஹ்?" கெடு தவறினால் மன்றாடிப் பயனில்லாத நாடு அது, ஆகவே இதை ஒருபோதும் ஊகத்துக்கு விடாதீர்கள்.

சில சொற்களுக்கு இரண்டு பொருள். "ஊபர்வைஸுங்" வங்கியில் பணப் பரிமாற்றம், மருத்துவரிடம் சிறப்பு மருத்துவருக்கான பரிந்துரைச் சீட்டு. "ரெட்ஸெப்ட்" மருந்துச் சீட்டாகவும் இருக்கும், சமையல் குறிப்பாகவும் இருக்கும்.

தொலைபேசியில் யாராவது எதையாவது விற்கப் பார்த்தால், புரியாமல் "யா, யா" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். "ஷிக்கென் ஸீ மிர் டாஸ் பிட்டெ ஷ்ரிஃப்ட்லிஹ்" (எழுத்தில் அனுப்புங்கள்) என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறேன். அது தப்பா?

நம் ஊரில் தலையாட்டலும் "ம்"மும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்க" என்கிற மரியாதை. ஜெர்மனியில் மேலும் கீழும் ஆட்டினால் "புரிந்தது, சம்மதம்" என்று எடுத்துக்கொள்வார்கள். பக்கவாட்டில் சாய்த்தால் மறுக்கிறீர்களா, தயங்குகிறீர்களா என்று குழம்புவார்கள். இரண்டுமே பின்னால் சிக்கல் தரும். நல்லபிள்ளை என்று பெயர் எடுக்க நினைத்துத் தலையாட்டிய வேலையில், இரண்டு வாரம் கழித்து "அன்றைக்கு யா சொன்னீங்களே?" என்று வந்து நிற்பார்கள். புரியாத இடத்திலேயே கையைச் சற்று உயர்த்தி "மொமெண்ட்" என்று நிறுத்துவது அங்கே மரியாதைக்குறைவு இல்லை. கூட்டத்தில் கேள்வி கேட்பவரைக் கவனமானவர் என்றே மதிக்கிறார்கள்.

வேலையிடத்தில் சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் எனக்கான வேலையா என்று தெரியவில்லை.

"டாஸ் முஸ்டெ மான் மால் மாஹென்" (அதை ஒருநாள் செய்யணும்) என்று மேலாளர் பொதுவாகச் சொல்வார். யாரை என்று சொல்ல மாட்டார். இது சில நேரம் வெறும் புலம்பல், சில நேரம் உங்களுக்கான வேலை. "ஸொல் இஹ் டாஸ் மாஹென்?" நான் செய்யட்டுமா என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் உடனே "பிஸ் வான்?"

கருத்து புரியாதபோது "வீ மைனென் ஸீ டாஸ்?" (எந்த அர்த்தத்தில் சொல்றீங்க?) என்று கேட்கலாம், ஆனால் குரலில் கவனம் தேவை. கொஞ்சம் கடுமையாக விழுந்தால் "என்ன சொல்ல வர்றீங்க?" என்று சண்டைக்கு இழுப்பதாகிவிடும். நான் பரிந்துரைப்பது "கொன்னென் ஸீ மிர் ஐன் பைஷ்பீல் கேபென்?" ஓர் எடுத்துக்காட்டு கேட்டால் யாரும் கோபிப்பதில்லை, விளக்கமும் தெளிவாக வரும்.

கடையில், ரயிலில்?

கடையில் கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான்: புள்ளிகள் சேர்க்கும் வாடிக்கையாளர் அட்டை இருக்கிறதா, ரசீது வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா, அட்டையா ரொக்கமா. ரொட்டிக் கடையில் "கெஷ்னிட்டென்?" என்றால் துண்டு போடட்டுமா என்று கேட்கிறார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ரயில் அறிவிப்பு இரைச்சலில் கரைந்துபோனால் பக்கத்தில் நிற்பவரிடம் "ஹாபென் ஸீ டீ டூர்ஹ்ஸாகெ ஃபெர்ஷ்டாண்டென்?" (அறிவிப்பு புரிந்ததா?) என்று கேளுங்கள். பல நேரம் அவருக்கும் புரிந்திருக்காது, இரண்டு பேருமாகப் பலகையைப் பார்ப்பீர்கள்.

நான் திருப்பிக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

உதவி செய்யும் எண்ணம்தான். தொடர்ந்து ஜெர்மனில் பேச விரும்பினால் சிரித்த முகத்தோடு "கொன்னென் வீர் பிட்டெ பை டொய்ட்ஷ் ப்ளைபென்? இஹ் மொஹ்டெ லெர்னென்" என்று சொல்லுங்கள். கற்றுக்கொள்ள ஆசை என்று தெரிந்தால் பெரும்பாலோர் மகிழ்ந்து மெதுவாகப் பேசுவார்கள். இங்கேயும் குறிப்பாகக் கேட்பது கைகொடுக்கும். வெறும் "வீ பிட்டெ?" என்றால் ஒன்றுமே தெரியாதவர் என்று நினைப்பார்கள். "நேரம் மட்டும் புரியவில்லை" என்று ஜெர்மனிலேயே சொன்னால் ஆங்கிலத்துக்கு மாற அவருக்குக் காரணம் இருக்காது. அவசர மருத்துவம், சட்டம், ஒப்பந்தம் என்றால் மட்டும் இந்தப் பிடிவாதம் வேண்டாம், எந்த மொழியில் தெளிவு கிடைக்கிறதோ அதில் பேசுங்கள்.

வகுப்பில் படித்த ஜெர்மனே இல்லை, அவர்கள் பேசுவது.

பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இந்த வருத்தம் அதிகம். சுவிஸ் ஜெர்மன், வட ஜெர்மனியிலிருந்து வருபவர்களுக்கே புரியாது. "கொன்னென் ஸீ பிட்டெ ஹோஹ்டொய்ட்ஷ் ஷ்ப்ரெஹென்?" என்று பொது ஜெர்மனில் பேசக் கேட்பது அங்கே வழக்கமான வேண்டுகோள், உடனே மாறுவார்கள். குழுவாக இருக்கும்போது மறுபடி வட்டார வழக்குக்கு நழுவுவார்கள். அப்போது எல்லோரையும் நிறுத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் தணிந்த குரலில் ஒரு சொல்லைக் கேட்டுக்கொள்வது நல்லது. நகைச்சுவை புரியாத இடத்தில் நான் கேட்கவே மாட்டேன். விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஓய்ந்திருக்கும்.

பேச்சுத் தேர்வில் திருப்பிக் கேட்டால் மதிப்பெண் குறையுமா?

பயப்பட வேண்டாம். 2001ல் வெளியான ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் விளக்கம் கேட்பது தனித் திறனாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. இரண்டாம் படிநிலையில் எளிமையாகத் திருப்பிச் சொல்லக் கேட்பது, மூன்றாவதில் சொன்னதை விரித்துச் சொல்லக் கேட்பது, நான்காவதில் தெளிவில்லாத இடங்களைத் தொடர் கேள்விகளால் உறுதி செய்வது. கேள்வி புரியாமல் வேறெதையோ பதிலாகச் சொல்வதுதான் ஆபத்து.

எல்லாம் செய்தும் புரியவில்லை என்றால்?

எழுதித் தரக் கேளுங்கள்: "கொன்னென் ஸீ மிர் டாஸ் பிட்டெ ஔஃப்ஷ்ரைபென்?" ஒரு தேதி, ஒரு முகவரி, ஓர் அறை எண், ஒரு படிவத்தின் பெயர் என்று கேட்டால் மறுப்பவர் அரிது. காகிதத்தில் இருப்பதை வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம், தெரிந்தவரிடம் காட்டலாம். கையெழுத்து விளங்காவிட்டால் அங்கேயே, கிளம்புவதற்கு முன், எழுத்தைச் சுட்டிக் கேட்டுவிடுங்கள்: "இஸ்ட் டாஸ் ஐனெ ஐன்ஸ் ஓடர் ஐனெ ஸீபென்?" இது ஒன்றா, ஏழா? ஜெர்மன்காரர்கள் ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், நம் கண்ணுக்கு அது ஏழு மாதிரி இருக்கும். அவர்களுடைய ஏழுக்கு நடுவில் பெரும்பாலும் குறுக்குக் கோடு இருக்கும்.